உண்பவனுக்குப் பாதி விலை, சமைப்பவனுக்கு?

2020ஆம் ஆண்டு யூலை மாதம் 8ந் திகதி பிரித்தானிய நிதி மந்திரி ரிஷி சுனாக் அவர்கள் லண்டன் மாநகரத்து உணவுச்சாலையொன்றிலே தட்டேந்தி நின்றார். மேசையில் அமர்ந்திருந்தோருக்குத் தம் கையாலேயே உணவு பரிமாறினார். முகத்திலே கவசம் இல்லை. படம் பிடிப்போர் படம் பிடித்தனர். அன்றுதான் அவர் பாராளுமன்றத்திலே புதியதொரு திட்டத்தை அறிவித்திருந்தார். ஓகஸ்ட் மாதத்தில், திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாட்களிலே, உணவுச்சாலையில் உட்கார்ந்து உண்பவனுடைய செலவிற் பாதியை, தலைக்குப் பத்துப் பவுண் வரை, அரசாங்கமே கொடுத்துவிடும். மதுவுக்கு இச்சலுகை இல்லை. உணவுக்கும் மதுவல்லாத பானத்துக்கும் உண்டு. எத்தனை முறை போனாலும் உண்டு. ‘வெளியே சென்று உண்டு உதவுங்கள்’ என்பது அத்திட்டத்தின் பெயர்.

கொரோனாக் கொள்ளைநோய் நாட்டை விட்டு நீங்கியிராத காலம் அது. தடுப்பூசி இல்லை. முதலாவது ஊசி போடப்பட்டதே அவ்வாண்டு டிசெம்பர் 8ந் திகதிதான். அப்படியிருக்க, வீட்டில் இருந்தவனை வெளியே வா, மேசையில் உட்கார், பாதி விலை நாம் தருகிறோம் என்று கஜானாவே கூவி அழைத்த புதுமையை உலகம் கண்டது.

இப்பழைய கதையை இன்று எடுத்துப் பேசுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கலாம். எமக்குக் காரணம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்த எமது இளைஞரிற் பலர் முதலிற் கால் வைத்த இடம் உணவுச்சாலையின் பின்கதவு. கோப்பை கழுவினர், வெங்காயம் உரித்தனர், பின்னர் அடுப்படிக்கு உயர்ந்தனர். சிலர் சொந்தமாகக் கடை வைத்தனர். அங்கே சமையலறையில் நின்றவன் இங்கே ஒரு வீட்டின் மகன். அவன் அனுப்பிய காசிலே இங்கே கிணறு ஆழமாயிற்று, தங்கை கலியாணம் ஒப்பேறிற்று. ஆகவே அந்நாட்டு உணவுச்சாலைக் கதவு திறப்பதும் அடைப்பதும் எமக்குப் பிறர் வீட்டுச் செய்தியன்று. அன்றியும், அந்நாட்டார் செய்த பிழைகளை எமது நாட்டார் ஒன்றும் விடாமற் செய்து பார்த்தனர் என்பதையும் பின்னர்க் காட்டுவோம்.

மூடியது பிழை என்று நாம் கூறவில்லை. இதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட விரும்புகின்றோம். இந்நோய் காற்றிற் பரவுவது. அடைத்த அறை, நெருங்கிய மேசை, உரத்த பேச்சு, நீண்ட நேரம், கழற்றிவைத்த முகக்கவசம் ஆகிய அத்தனையும் ஒருங்கு கூடும் இடம் மதுச்சாலை. கவசம் அணிந்துகொண்டு உண்ண முடியாது, குடிக்கவும் முடியாது. ஆகவே கொள்ளைநோய் பொங்கிய வேளையில் அக்கதவுகளை அடைத்தது நியாயமே. எமது குறை அடைத்த விதத்திலும் திறந்த விதத்திலும் உள்ளது. அதிலும் மேலாக, அந்தச் செலவு யார் தலையிற் போடப்பட்டது என்பதில் உள்ளது.

அடைத்த விதத்தைப் பாருங்கள். 2020 மார்ச் 16ந் திகதி பிரதம மந்திரி பொறிஸ் ஜோன்சன் அவர்கள், ‘பப்’ என ஆங்கிலேயர் அழைக்கும் மதுச்சாலைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் போகவேண்டாம் என மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவற்றை மூடும்படி கட்டளையிடவில்லை. கதவு திறந்திருந்தது, வாடிக்கைக்காரர் வரவில்லை. 20ந் திகதிதான் இன்றிரவே மூடுக என்ற உத்தரவு பிறந்தது. சுதந்திரமாய்ப் பிறந்த மக்கள் மதுச்சாலை செல்லும் தொன்மையான உரிமையைப் பறிக்கவேண்டியிருக்கிறதே என்று அவர் வருந்தினார். மதுச்சாலை செல்வது பிறப்புரிமைதானா என்ற வழக்கை ஆங்கிலேயரிடமே விட்டுவிடுவோம். எம்மைக் கவர்வது அந்த நான்கு நாள் மயக்கம். வரவேண்டாம் என்பது புத்திமதியா, சட்டமா? சட்டமாயின் காப்புறுதிக் கம்பனி நட்டஈடு தரவேண்டியிருக்கும். புத்திமதியாயின் கம்பனி கையை விரிக்கலாம். சிறு கடைக்காரர் ஆயிரக்கணக்கானோர் இந்தச் சொல் ஒன்றிலே தொங்கினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 சனவரி 15ந் திகதி நீதியரசர்கள் பெரும்பாலும் கடைக்காரர் பக்கமே தீர்ப்பளித்தனர். அரசாங்கம் கட்டளையிடும் தொனியிற் சொன்னால், மக்கள் அதற்குப் பணிந்தேயாகவேண்டும் எனக் கருதுவது நியாயமாயின், சட்டப்புத்தகத்தில் அப்போது ஏறாவிட்டாலும் அதுவும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடாகலாம் என்றனர். எமது சட்ட வல்லுநர்கள் இத்தீர்ப்பைப் படித்து வைத்துக்கொள்வது நன்று. தெளிவற்ற சொல்லுக்குப் பத்து மாதம் கழித்து நீதிமன்றம் விளக்கம் தரலாம்; அந்தப் பத்து மாத வாடகையை யார் தருவது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். கதவடைத்த அதே நாளில், வேலையிழந்து வீட்டிலிருப்போருக்குச் சம்பளத்தின் நூற்றுக்கு எண்பது பங்கை, மாதம் 2,500 பவுண் வரை, தாமே தருவதாக நிதி மந்திரி அறிவித்தார். பெரிய காரியம், பாராட்டவேண்டியது. இலட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதனாலேயே எரிந்தது. ஆயினும் உணவுச்சாலைத் தொழிலின் கணக்கு வேறு விதமானது. பரிமாறுபவனுடைய வருமானத்தில் ஒரு பங்கு மேசையில் விட்டுச்செல்லும் சில்லறை. அது அந்த எண்பது பங்கிலே சேராது. புத்தகத்திற் பெயரில்லாமற் கையிற் காசு வாங்கி வேலை செய்தவனுக்கு எண்பதும் இல்லை, எட்டும் இல்லை. கடதாசி இல்லாமல் அடுப்படியில் நின்றவன் உதவி கேட்கவும் அஞ்சினான்.

இனி அந்த ஓகஸ்ட் மாதத்துக்கு வருவோம். திட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட நியாயம் அற்பமானதன்று. உணவுச்சாலைத் தொழிலிலே இலட்சக்கணக்கானோர் பிழைக்கின்றனர். அவர்களிற் பெண்களும் இளைஞரும் குறைந்த கூலிக்காரரும் அதிகம். யூலை 4ந் திகதி கதவு திறந்தும் மக்கள் அஞ்சி வராவிட்டால் வேலைகள் அழிந்துபோம். ஆகவே அச்சத்தைப் போக்கவேண்டும் என்றனர். சுனாக் அவர்கள் 2023 டிசெம்பரில் விசாரணைக்குழு முன்னிலையிலும் இதையே எடுத்துரைத்தார். ஆனால் கொள்ளைநோய்க் காலத்திலே மக்களுடைய அச்சம் ஒரு நோயா, அன்றி ஒரு காவலா? நோயைக் குறைக்குமுன் நோயைப் பற்றிய அச்சத்தைக் காசு கொடுத்துக் குறைப்பது எவ்வகை மருத்துவம்? இக்கேள்வியை வைத்தியரிடம் அல்லவா கேட்டிருக்கவேண்டும்! கேட்கவில்லை. அரசாங்கத்தின் தலைமை விஞ்ஞான ஆலோசகராயிருந்த சேர் பற்றிக் வாலன்ஸ் அவர்கள், தம்மிடம் முன்கூட்டி ஆலோசனை கேட்கப்படவில்லை என்றும், அத்திட்டம் தொற்றைக் கூட்டியிருக்கக்கூடும் என்றும் 2023 நவெம்பரில் அதே விசாரணைக்குழு முன் சாட்சி சொன்னார்.

அம்மாதத்தில் 16 கோடிக்கு மேற்பட்ட உணவுகளுக்கு அரசாங்கம் பாதி விலை கொடுத்தது. செலவு 84 கோடியே 90 இலட்சம் பவுண். தொற்று எவ்வளவு கூடிற்று என்பதிலே கருத்து வேற்றுமை உண்டு. வோரிக் சர்வகலாசாலைப் பொருளியலாளர் ஒருவர், அக்காலத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட தொற்றுக் கொத்துகளில் நூற்றுக்கு 8 முதல் 17 வரை இதனால் விளைந்திருக்கலாம் எனக் கணித்தார். அரசாங்கத்தார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லப் புகவில்லை. நாம் வேறொரு கணக்குப் போட்டுக் காட்டுவோம். அதற்குச் சர்வகலாசாலை வேண்டியதில்லை.

2020 ஓகஸ்ட் 3ந் திகதி முதல் 31ந் திகதி வரை திங்கள் ஐந்து, செவ்வாய் நான்கு, புதன் நான்கு. ஆகப் பதின்மூன்று நாட்கள். ஒவ்வொரு நாளும் ஒருமுறை இருபது பவுணுக்கு உண்டவன் அம்மாதத்தில் அரசாங்கத்திடமிருந்து பெற்றது 130 பவுண். பகலும் இரவும் உண்டவன் பெற்றது 260 பவுண். அதே மாதத்தில் அவனுக்குச் சமைத்துக் கொடுத்தவன் இருமத் தொடங்கினால், சட்டப்படி அவனுக்குக் கிடைக்கவேண்டிய நோய்க்காலச் சம்பளம் எவ்வளவு? வாரம் ஒன்றுக்கு 95 பவுணும் 85 பென்சும்! லண்டனிலே ஓர் அறைக்கு வாரவாடகை கட்ட அது போதுமா என்று அங்கிருக்கும் மருமகனைக் கேட்டுப் பாருங்கள். முதலாளி தாராளமானவராயின் மேலே ஏதேனும் கொடுப்பார். அல்லாவிட்டால் இருமியவன் என்ன செய்வான்? இருமலை விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவான். தனித்திருக்கவேண்டிய குறைந்த வருமானக்காரருக்கு 500 பவுண் கொடுக்கும் ஏற்பாடு செப்டெம்பர் 28ந் திகதிதான் வந்தது. உண்பவனுக்கான பணம் ஓகஸ்டில். நோயாளிக்கான பணம் செப்டெம்பர் முடிவில்! விருந்து முடிந்தபின் வந்த விசிறி அது.

இதனாலே யார் மடிந்தனர்? இங்கிலாந்தினதும் வேல்சினதும் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2021 சனவரியிலே தொழில்வாரியாக ஒரு கணக்கு வெளியிட்டது. 2020 மார்ச் முதல் டிசெம்பர் வரை, உழைக்கும் வயதினரான ஆண்களில், கொரோனாவினால் இறந்தோர் இலட்சத்துக்கு 31 பேர். சமையற்காரரை மாத்திரம் எடுத்துப் பார்த்தால் இலட்சத்துக்கு 103 பேர். மும்மடங்குக்கும் மேல்! வாடகைக் கார் ஓட்டுநரும் ஏறக்குறைய அதே வரிசையில். தொழிலொன்றே இதற்குக் காரணம் என்று கொள்ளக்கூடாது, வாழும் வீடு, வருமானம், வேறு நோய்கள் யாவும் சேரும் என்று அலுவலகத்தாரே எச்சரித்தனர். அது நேர்மையான எச்சரிக்கை. ஆயினும் சமையற்காரனுடைய வீடு ஏன் நெருக்கமானது, வருமானம் ஏன் குறைந்தது என்று கேட்டால் மறுபடியும் அடுப்படிக்கே வந்து நிற்போம். புகை போகவும் வழியற்ற நிலவறைச் சமையலறைகளை லண்டனில் எமது பிள்ளைகள் அறிவர்.

கோடை கழிந்தது, தொற்று ஏறிற்று, கட்டுப்பாடுகள் மீண்டன. அவை மீண்ட வகையைச் சொன்னால் சிரிப்பும் வரும், சினமும் வரும். செப்டெம்பர் 14 முதல் ஆறு பேருக்கு மேற் கூடக்கூடாது. 24 முதல் இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு. பத்து மணிக்கு ஊரிலுள்ள மதுச்சாலைகள் யாவும் ஒரே மணியில் மூடவே, உள்ளே பிரிந்து பிரிந்து உட்கார்ந்திருந்தவர்கள் வெளியே ஒரே வீதியில், ஒரே பஸ் தரிப்பிடத்தில் தோளோடு தோள் நின்றனர். எழுந்து நடந்தால் முகக்கவசம் வேண்டும்; உட்கார்ந்தால் வேண்டாம். நிற்பவனை மாத்திரம் பிடிக்கும் கிருமி போலும்!

டிசெம்பர் 2 முதல் பல பகுதிகளிலே, உருப்படியான சாப்பாட்டோடு மாத்திரமே மது கொடுக்கலாம் என்றொரு விதி. உருப்படியான சாப்பாடு எது? வேகவைத்த முட்டையை இறைச்சிக் கலவையாற் போர்த்தி, பாண்தூள் தடவிப் பொரித்த ‘ஸ்கொச் முட்டை’ என்ற தின்பண்டம் ஒன்று அங்கே உண்டு. எமது தேநீர்க்கடை முட்டை றோலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சாப்பாடாகும் என்றார் சுற்றாடல் மந்திரி ஜோர்ஜ் யூஸ்ரிஸ். அடுத்த நாட் காலையில் மைக்கல் கோவ் என்ற மற்றொரு மந்திரி அது சாப்பாட்டுக்கு முந்திய சிற்றுண்டியே என்றார். பிறகு அதே நாளில் அதுவும் சாப்பாடுதான் என்று ஒப்புக்கொண்டார். ஓர் இராச்சியத்தின் மந்திரி மண்டலம் முட்டையின் தகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தது. வேல்சு நாட்டிலோ அதே வாரம் மதுச்சாலைகளில் மது கொடுப்பதையே நிறுத்திவிட்டனர். மாலை ஆறு மணிக்குக் கதவும் அடைக்கவேண்டும். எல்லைக்கு இப்பால் முட்டையோடு குடிக்கலாம். அப்பால் எதனோடும் குடிக்கலாகாது.

இவ்விதிகளை மீறிய கடைக்காரனுக்குத் தண்டம் 10,000 பவுண் வரை ஏறக்கூடும். விதி தெளிவில்லை, தண்டம் மாத்திரம் தெளிவு.

மதுவை நாம் ஆதரித்துப் பேசுவதாக யாரும் கொள்ளவேண்டாம். குடியினாற் கெட்ட குடும்பங்களை ஊருக்கு ஊர் கண்டவர்கள் நாம். ஆனால் கதவடைப்பினாற் குடி குறைந்ததா என்பதை நேர்மையாகப் பார்க்கவேண்டும். மதுச்சாலை மூடப்பட்ட அதே வாரத்தில், போத்தலில் மது விற்கும் கடைகள் அத்தியாவசியக் கடைகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அத்தகைய கடைகளில் எம்மவர் நடத்துபவை பல. அவர்களுக்கு வியாபாரம் நடந்தது என்பதையும் மறைக்கமாட்டோம். மதுவே நேரடிக் காரணமாக ஐக்கிய இராச்சியத்தில் இறந்தோர் 2019இல் 7,565 பேர். 2020இல் 8,974 பேர். 2021இல் 9,641 பேர். மதுச்சாலையிலே, போதும் வீட்டுக்குப் போ என்று சொல்ல ஒருவன் நின்றான். வீட்டிலே அப்படிச் சொல்ல யாருமில்லை. சொல்லத் துணிந்த மனைவி என்ன பட்டாள் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் முழுமையாக ஏறாது.

கமக்கார வாசகருக்கு ஒரு வார்த்தை. உணவுச்சாலைக் கதவை அடைத்தால் அந்த அடி தோட்டம் வரை வந்து விழும் என்பதைப் பட்டினத்தார் எளிதில் உணர்வதில்லை. 2020 வசந்த காலத்திலே இங்கிலாந்தின் பாற்பண்ணைக்காரர் தாம் கறந்த பாலை நிலத்திலே ஊற்றினர். கோப்பிக்கடையும் உணவுச்சாலையும் மூடிக்கிடக்க, அவற்றுக்கென்று கறந்த பாலை வாங்குவாரில்லை. மாடு அரசாங்க அறிவித்தலை வாசிக்குமா? கறக்காமல் விட்டால் மடி கட்டிவிடும். பொரியலுக்கென்று நட்ட உருளைக்கிழங்கு களஞ்சியத்திலே தேங்கிற்று. பீப்பாயிலிருந்த பியர் கானிலே ஊற்றப்பட்டது.

அதே பங்குனி சித்திரையில் யாழ்ப்பாணத்தில் எமது சீவல் தொழிலாளருடைய நிலையும் இதுவே. மார்ச் 20ந் திகதி மாலை ஊரடங்கு வந்தது, தவறணைகள் மூடப்பட்டன, அதுவோ பனையிற் கள்ளுப் பெருகும் பருவம். பாளையைக் காலையும் மாலையும் சீவவேண்டும். சில நாள் சீவாது விட்டால் முகம் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். அவ்வாண்டு அப்பாளை போயிற்று. வாங்குவாரில்லாத கள்ளுக்காக மரமேறுவதா, ஏறாமல் பாளையைப் பாழாக்குவதா? அந்நாட்களிலே இவ்வினாவைக் கொழும்பிலே எந்த மேசையில் எவர் எழுப்பினார்? தோட்டக்காரர் நிலையும் அதுவே. மரக்கறி வண்டிலிலே வாடிற்று; ஏற்றிச்செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும்; சீட்டு வாங்க ஒரு கந்தோர், சீட்டைக் காட்ட ஒரு காவலரண்.

இங்கிலாந்தின் கதையில் எல்லாரும் அறிந்த பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2020 மே 20ந் திகதி, மக்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் மற்றொருவரை மாத்திரம் தூர நின்று காணலாம் என்றிருந்த காலத்தில், பிரதம மந்திரியின் டவுணிங் வீதி இல்லத் தோட்டத்திலே விருந்து நடந்தது. அவரவர் மதுவை அவரவரே கொண்டுவருக என்ற அழைப்பு நூறு பேரளவிலே போயிற்று. 2021 ஏப்ரல் 16ந் திகதி இரவு அங்கே இரண்டு பிரியாவிடை விருந்துகள். மறுநாள் தம் கணவர் பிலிப் இளவரசரின் இறுதிச் சடங்கிலே மகாராணியார் விதிக்குப் பணிந்து தனியே அமர்ந்திருந்தார். பொலீசார் பின்னர் 83 பேருக்கு 126 தண்டச் சீட்டுகள் கொடுத்தனர். 2022 ஏப்ரலில் அச்சீட்டுப் பெற்றவர்களுள் பிரதம மந்திரி ஜோன்சன் ஒருவர்; உண்ண அழைத்த நிதி மந்திரி சுனாக் மற்றொருவர். நாட்டின் மதுச்சாலைகள் அனைத்தும் மூடியிருக்க, திறந்திருந்த ஒரேயொரு மதுச்சாலை டவுணிங் வீதியில் இருந்தது எனலாம்.

ஒன்றை மாத்திரம் அந்நாட்டாருக்குச் சாதகமாகச் சொல்லவேண்டும். பிரதம மந்திரிக்குத் தண்டச் சீட்டுக் கொடுக்கும் பொலீசு அங்கே இருந்தது. பகிரங்க விசாரணை வைத்து, மந்திரியையும் ஆலோசகரையும் சத்தியம் செய்வித்து, அவர்கள் அந்நாளில் எழுதிய குறிப்பேடுகளையும் அனுப்பிய செய்திகளையும் உலகறிய வாசித்தனர். வாலன்ஸ் அவர்களிடம் கேட்கவில்லை என்ற உண்மை எமக்குத் தெரிந்தது அதனாலேதான்.

இங்கே என்ன நடந்தது? 2021 ஓகஸ்ட் 20ந் திகதி முதல் ஒக்டோபர் 1ந் திகதி வரை நாடு தனிமைப்படுத்தல் ஊரடங்கிலே கிடந்தது. உணவுச்சாலையில் உட்கார்ந்து உண்ணலாகாது. கலியாணங்கள் அதற்கு முன்னரே தடுக்கப்பட்டிருந்தன; முகூர்த்தம் குறித்த வீடுகளிலே பந்தற்கால் அப்படியே நின்றது. ஆலயத் திருவிழாக்கள் அடியார் கூட்டமின்றி நடந்தன. செத்த வீட்டுக்கு உறவினர் போக முடியவில்லை. இத்தனைக்கும் நடுவே, செப்டெம்பர் 17ந் திகதி சாராயக்கடைகள் நாடெங்கும் திறந்தன! வரிசை வீதி நீளத்துக்கு நின்றது. இடைவெளி எங்கே, கவசம் எங்கே என்று கேட்பாரில்லை. யார் அனுமதித்தது என்று மக்கள் கேட்டனர். சுகாதாரத்துறையார் தமது அனுமதி இல்லை என்றனர். கஜானாவுக்கு மதுவரி வேண்டும் என்பதை ஊரில் அறியாதவர் இல்லை. அதே ஊரடங்குக்கு, வருமானமிழந்த ஏழைக் குடும்பமொன்றுக்கு அரசாங்கம் அறிவித்த உதவி 2,000 ரூபாய். சாராய வரிசையில் நின்றவனிடம் ஒரு போத்தலுக்கு வாங்கிய வரி அதில் எத்தனை பங்கு என்பதை எமது கணக்காளர் வாசகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

லண்டனிலே உண்பவனுக்குக் காசு கொடுத்தனர். கொழும்பிலே குடிப்பவனிடம் காசு வாங்கினர். இரண்டு இடத்திலும் முடிவெடுத்தது கஜானா. வைத்தியனிடம் கேட்கவில்லை, சமைப்பவனிடமும் சீவுபவனிடமும் கேட்கவில்லை.

இந்நாட்டில் 2020இலும் 2021இலும் இவ்வளவு அதிகாரமும் செலுத்தப்பட்டது 1897ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் இயற்றிய தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். கப்பலிலும் துறைமுகத்திலும் பிளேக்கைத் தடுக்கும் காலத்துச் சட்டம் அது. அடைக்கும் அதிகாரத்தை அது விரிவாகச் சொல்லும். அடைக்கப்பட்டவன் எதை உண்பான் என்பது அதன் அக்கறையன்று. கொள்ளைநோய் மறுபடியும் வராது என்று எந்த வைத்தியனும் உறுதி சொல்லவில்லை. அதன் இடத்தில் எத்தகைய புதிய சட்டம் வகுக்கப்பட்டாலும், எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சில காரியங்களைக் கேட்டுப் பெறவேண்டும் என்கிறோம். கடை, சந்தை, தவறணை, ஆலயம் எதை மூடினாலும் திறந்தாலும், அதற்கு வைத்திய அதிகாரி எழுதிய காரணம் அன்றே தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரவேண்டும். மூடப்பட்ட தொழிலில் நாட்கூலி பெறுபவனுக்கு, நோயுற்றுத் தனித்திருக்கும்போதும், வாழக்கூடிய தொகை சட்டத்திலேயே குறிக்கப்படவேண்டும். மந்திரியின் தயவிலே விடப்படலாகாது. தண்டம் விதிக்கும் பிரிவு மந்திரிக்கும் படை அதிகாரிக்கும் கடைக்காரனுக்கும் ஒன்றாயிருக்கவேண்டும். அம்மசோதா அச்சாகி வரும் நாளில், எமது சட்ட வல்லுநர்கள் அதை வாங்கி, சீவல் தொழிலாளர் சங்கத்தின் வாசற்படியில் இருந்து, வரி வரியாக வாசித்துக் காட்டட்டும்.